ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்த கடைவாய்ப்பல்

இந்த முறை ஊருக்குப் போனபோது செய்துகொண்ட முழு உடல் பரிசோதனையில் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், தைராய்டு எல்லாம் ஒழுங்காக இருந்தன. சி.ஆர்.பி. மட்டும் உதைத்தது. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறுகிற ஒரு புரதத்தின் அளவு அது. இதய நோய் அபாயத்தைக் கணிப்பதற்காக நுட்பமாக அளக்கும் வகையில், லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் நல்லது, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. எனக்கு 6.2. அந்த எண்ணின் பின்னாலேயே போனதில் கடைசியில் பல் மருத்துவரின் நாற்காலியில் போய் உட்கார வேண்டியதாயிற்று. விடுமுறையிலேயே மருத்துவ வேலைகளையும் முடித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு உதவும் என்பதால் எது நன்றாக நடந்தது, எங்கே சொதப்பியது என்று விவரமாகவே எழுதுகிறேன்.

லேபின் வேகத்தைக் குறை சொல்ல முடியாது. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தேன், சாயங்காலம் ஃபோனுக்கு அறிக்கை வந்துவிட்டது. 6.2 என்ற எண் தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. அதற்கு மேல் ஒரு வரி விளக்கம் கிடையாது. மறுநாள் நேரில் போய்க் கேட்டால், கவுன்டரில் இருந்த பெண் "சார், இதுக்கு அட்வான்ஸ்டு பேக்கேஜ் ஒண்ணு இருக்கு, அதையும் எடுத்துப் பாத்திடுங்களேன்" என்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை அது. ஆனால் ஒரு சோதனையின் முடிவுக்கு அர்த்தம் கேட்டால் இன்னும் நாற்பது சோதனைகளைப் பதிலாகக் கொடுக்கிற நியாயம் எனக்குப் பிடிபடவில்லை.

பொது மருத்துவர் வேறு மாதிரி. அறிக்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். காய்ச்சல், சளி, மூட்டுவலி, சிறுநீர் எரிச்சல், சமீபத்தில் போட்ட தடுப்பூசி என்று வரிசையாகக் கேட்டார். "ஒரு தடவை எடுத்த சி.ஆர்.பி.யை வச்சு எதையும் சொல்லக் கூடாது சார். விமானத்துல தொத்திக்கிட்ட சளிகூட அதை ஏத்திவிடும். ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்ப எடுங்க" என்றார். முறையான பேச்சுதான். 2003இல் அமெரிக்க இதய சங்கம் கொடுத்த பரிந்துரையும் இரண்டு வார இடைவெளியில் இருமுறை அளந்து சராசரி பார்க்கத்தான் சொல்கிறது. அளவு 10ஐத் தாண்டினால் இதயக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, எங்கே தொற்று என்று தேட வேண்டும். அவர் என் இடுப்புச் சுற்றளவையும் விடவில்லை. வயிற்றுக் கொழுப்பே அழற்சி வேதிப்பொருள்களைச் சுரக்கும், அதனாலும் சி.ஆர்.பி. ஏறும் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

இரண்டாம் முறை எடுத்தபோதும் அளவு 6ஐ ஒட்டியே இருந்தது. அப்போதுதான் அவர் மூக்கைப் பற்றிக் கேட்டார். எனக்கு வெகுநாளாக மூக்கடைப்பு உண்டு. "ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கமா?" இடது பக்கம் மட்டும்தான். "மேல் வரிசையில இடது கடைவாய்ப் பல்லுல எப்பவாவது வேலை செஞ்சிருக்கீங்களா?" பல வருடங்களுக்கு முன்பு ஒரு பெரிய ஃபில்லிங் வைத்தது உண்டு. வலி எதுவும் இல்லையே என்றேன். "வலி இருந்திருந்தா நீங்களே போயிருப்பீங்க சார். முதல்ல ஒரு பல் எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க" என்றார். மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வேர்நுனிக்கும் கன்னத்துக்குள் இருக்கும் சைனஸ் அறைக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புத் தகடு. சிலருக்கு அதுகூட இருக்காது, சவ்வு மட்டும்தான். வேர்நுனியில் தொற்று என்றால் சைனஸும் சேர்ந்து வீங்கும். ஒரு பக்கம் மட்டும் ஓயாமல் தொல்லை கொடுக்கிற சைனஸுக்கு ஆண்டுக்கணக்கில் மூக்கு ஸ்பிரே அடிப்பதற்கு முன்பு பல்லையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. என் விடுமுறையில் கிடைத்த மிகச் சிறந்த சேவை எது என்று கேட்டால், அந்த மருத்துவர் கேட்ட இந்த ஒரு கேள்வியைத்தான் சொல்வேன்.

அப்புறம் பல் மருத்துவமனைகள். முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். வரவேற்பறை பளபளவென்று இருந்தது. வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கைக் காட்டி, "இன்ஃபெக்‌ஷன் இருக்கலாம்" என்று ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். எக்ஸ்ரே இல்லை. பல்லைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆன்டிபயாடிக் ரத்தத்தின் வழியாகத்தான் ஓர் இடத்தைப் போய்ச் சேரும். நரம்பு செத்துப்போன பல்லின் உள்ளே ரத்த ஓட்டமே கிடையாது. ஐந்து நாள் என்ன, ஐம்பது நாள் விழுங்கினாலும் பல்லுக்குள் குடியிருக்கும் கிருமியை மாத்திரை எட்டாது. வெளியே பரவிய வீக்கம் வேண்டுமானால் கொஞ்சம் தணியும். காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாத பெரும்பாலான பல் தொற்றுகளுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை, பல்லுக்கான சிகிச்சைதான் தேவை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் 2019இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாவது இடம் சின்னது. அங்கே இருந்த பெண் மருத்துவர் முதலில் சின்னக் கண்ணாடியின் பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். பிறகு குளிர்விக்கும் ஸ்பிரேயை ஒரு பஞ்சுருண்டையில் அடித்து, பக்கத்துப் பல்லில் வைத்தார். சுரீர் என்று ஏறியது. சந்தேகப்பட்ட பல்லில் வைத்தார். ஒன்றுமே தெரியவில்லை. பஞ்சில் பனி படிந்திருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன், பல் அதை உணரவில்லை. "நரம்பு போயிடுச்சு சார். எப்பவோ போயிருக்கணும்." திரையில் எக்ஸ்ரே வந்ததும் வேர்நுனியைச் சுற்றி ஒரு மங்கலான கரும்புள்ளியைக் காட்டினார். மேல் கடைவாயில் சைனஸின் நிழலும் கன்ன எலும்பின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் சாதாரண எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது. எலும்பின் தாதுச் சத்து கணிசமாகக் கரைந்த பிறகுதான் அதில் நிழலே விழும். அதனால் அந்தப் பகுதிக்கு மட்டும் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார். ஸ்கேனில் பட்டாணி அளவுக்கு எலும்பு இல்லாமலே போயிருந்தது. மேலே சைனஸின் சவ்வும் தடித்திருந்தது.

"இது எத்தனை நாளா இருக்கு டாக்டர்?"

"சொல்ல முடியாது சார். வருஷக்கணக்குலகூட இருக்கலாம். உங்களுக்கு மட்டும் இல்ல, வர்றவங்கள்ல நிறையப் பேருக்கு இருக்கும். எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும்."

அவர் சொன்னதில் மிகையில்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஒரு மதிப்பாய்வின்படி, உலகில் பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரு பல்லிலாவது வேர்நுனி அழற்சி இருக்கிறது. பலருக்கு அது தெரியவே தெரியாது.

இந்தச் சின்னக் குழி ரத்தப் பரிசோதனையில் எப்படித் தெரியும் என்று கேட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு பாடம் கிடைத்தது. சொத்தை ஆழமாகப் போனால் கிருமிகள் பற்கூழை அடைகின்றன. நரம்பும் ரத்தக் குழாய்களும் இருக்கிற மென்மையான பகுதி அது. சுற்றிலும் கடினமான சுவர், வீங்குவதற்கு இடமில்லை, ரத்த ஓட்டம் நின்று கூழ் சாகிறது. அதன் பிறகு பல்லின் வேருக்குள் ஓடும் மெல்லிய குழாயான வேர்க் கால்வாய் கிருமிகளின் கோட்டையாகிவிடுகிறது. உடம்பின் படை கோட்டை வாசலான வேர்நுனி வரை வரும், உள்ளே நுழைய வழியில்லை. வாசலிலேயே பாளையம் போட்டு உட்கார்ந்துவிடும். அந்தப் பாளையத்துக்கு இடம் வேண்டி எலும்பு கரைகிறது. எக்ஸ்ரேயில் தெரிகிற கருநிழல் அதுதான். வெள்ளணுக்கள் அங்கே ஓயாமல் சுரக்கும் இன்டர்லூகின்-6 போன்ற செய்தி மூலக்கூறுகளில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் அதைக் கேட்டுத்தான் சி.ஆர்.பி.யைத் தயாரிக்கிறது. சி.ஆர்.பி.க்கு ரத்தத்தில் ஆயுள் குறைவு, ஏறத்தாழ 19 மணி நேரத்தில் பாதியாகிவிடும். வாரக்கணக்கில் அளவு உயர்ந்தே இருக்கிறது என்றால் எங்கிருந்தோ செய்தி போய்க்கொண்டே இருக்கிறது என்று பொருள்.

எல்லாவற்றுக்கும் கிருமிதான் காரணம் என்பதை உறுதிப்படுத்தியது 1965இல் நடந்த ஓர் எலிச் சோதனை. ககேஹாஷி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பற்கூழைத் துளைத்துத் திறந்துவிட்டார்கள். கூழ் சாகவில்லை, திறந்த இடத்தைப் புதிய பல்திசு மூடிக்கொண்டது. சாதாரணமாக வளர்ந்த எலிகளுக்கு அதே துளையைப் போட்டபோது கூழ் அழுகிச் சீழ் கட்டியது. துளை ஒன்றுதான், இடையில் இருந்த வித்தியாசம் கிருமி மட்டும்தான். கால்வாயைச் சுத்தம் செய்து அடைக்கிற வேர் சிகிச்சையின் (ரூட் கேனால்) தர்க்கம் முழுக்க இந்த ஒரு சோதனைக்குள் அடங்கிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை, ஏனென்றால் இந்த விஷயத்தில் பயம் காட்டுகிறவர்கள் அதிகம். எனக்குத் தெரிந்த ஒருவர் "உடலை நச்சு நீக்குகிறோம்" என்று பலகை மாட்டிய இடத்துக்குப் போய், வேர் சிகிச்சை செய்த பற்கள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால் மூட்டுவலி போய்விடும் என்ற ஆலோசனையோடு திரும்பினார். இந்தக் கதைக்கு நூறு வயதுக்கு மேல். 1891இல் வில்லோபி மில்லர் என்ற பல் ஆய்வாளர், வாய் என்பது உடல் முழுவதற்குமான தொற்றின் மையமாக இருக்கலாம் என்று எழுதினார். 1910இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேசிய வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், மோசமான பல்வேலையை அழுக்கின் மேல் கட்டிய தங்கக் கல்லறை என்கிற பாணியில் சாடினார். சிகாகோவில் ஃபிராங்க் பில்லிங்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய வழியில் வந்த ரோசெனாவும் அதை ஒரு கோட்பாடாகவே வளர்த்தார்கள். மூட்டுவலியா, பல்லைப் பிடுங்கு. களைப்பா, பல்லைப் பிடுங்கு. நியூ ஜெர்சியின் டிரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்பவர் மனநோய்க்கும் இதே வைத்தியம் பார்த்தார். பல்லோடு நிற்காமல் குடல்வரை போனார், நோயாளிகள் பலர் இறந்தார்கள். முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது பல்லைப் பிடுங்கியவர்களுக்கு அந்த நோய்கள் குணமாகவில்லை என்று தெரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கோட்பாடு செல்வாக்கை இழந்தது. அதற்குள் எத்தனையோ நல்ல பற்கள் போய்விட்டன.

இன்றைய ஆய்வுகள் சொல்வது அதைவிட அடக்கமானது. வேர்நுனி அழற்சி உள்ளவர்களின் ரத்தத்தில் சி.ஆர்.பி.யும் இன்டர்லூகின்-6உம் சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாக இருக்கின்றன என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிகிறது. இதய நோய், நீரிழிவு ஆகியவற்றோடும் தொடர்பு தெரிகிறது. ஆனால் புகை பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் பல்லும் கெடும், இதயமும் கெடும். எது எதற்குக் காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம். 2025இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் வேர் சிகிச்சை வெற்றிகரமாக முடிந்த 65 பேரை 2 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ரத்தச் சர்க்கரையிலும் கொழுப்பிலும் அழற்சியைக் காட்டும் அளவுகளிலும் முன்னேற்றம் தெரிந்ததாக வெளியிட்டார்கள். நம்பிக்கை தருகிற திசை. 65 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஈறு நோய்க்கு உள்ள ஆதாரம் இதைவிடக் கனமானது, ஏனென்றால் அங்கே அழற்சி கண்ட பரப்பே மிகப் பெரிது. என் பல் மருத்துவரும் அளந்துதான் பேசினார். "பல்லைச் சரி பண்ணினா சி.ஆர்.பி. இறங்கும்னு எழுதித் தர மாட்டேன் சார். ஆனா இந்தத் தொற்றை அப்படியே வச்சிக்கிறதுக்கு ஒரு காரணமும் இல்ல." இப்படிப் பேசுகிற இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

சிகிச்சைக்கு வருவோம். வேலை தொடங்கியதும் முதலில் பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டினார்கள். ரப்பர் டேம் என்பார்கள். வாய் முழுதும் மூடிக்கொண்டு சிகிச்சை செய்ய வேண்டிய பல் மட்டும் வெளியே நிற்கும். எச்சிலில் இருக்கும் கிருமி திறந்த பல்லுக்குள் புகாமல் இருக்கவும், மெல்லிய கருவிகளும் கிருமிநாசினியும் தொண்டைக்குள் விழாமல் இருக்கவும் அது அவசியம். இதை மாட்டாமல் வேர் சிகிச்சை செய்கிற இடங்கள் எந்த நாட்டிலும் உண்டு. நேரத்தை மிச்சப்படுத்துகிறார்கள், வேறொன்றுமில்லை. முன்பதிவு செய்யும்போதே "ரப்பர் டேம் போடுவீங்களா?" என்று கேளுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக மூன்று வேர்கள். கால்வாயும் மூன்றுதான் என்று நினைத்தால் அங்கேதான் மாட்டிக்கொள்வோம். கன்னத்தை ஒட்டிய முன்பக்க வேரில் தலைமுடி மாதிரி மெல்லிய இரண்டாவது கால்வாய் ஒன்று பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருக்கும். வெறும் கண்ணுக்குத் தட்டுப்படாது. அதைச் சுத்தம் செய்யாமல் விட்டால் கிருமி அங்கேயே தங்கிவிடும், சிகிச்சை தோற்பதற்குப் பெரிய காரணங்களில் அதுவும் ஒன்று. மருத்துவர் உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெகுநேரம் தேடினார். மெல்லிய ஊசி ஒன்றால் தளத்தைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த கருவி திடீரென்று பீப் என்று அலறியதும் "கிடைச்சிடுச்சு" என்றார் உதவியாளரிடம், ரொம்ப சாதாரணமாக. கால்வாய் எவ்வளவு நீளம், வேர்நுனி எங்கே என்பதை மின்தடையை வைத்துச் சொல்லும் கருவி அது. பிறகு ஒரே பிளீச்சிங் வாசனை. கால்வாயைக் கழுவ ஊற்றுவது சோடியம் ஹைப்போகுளோரைட், வீட்டில் பயன்படுத்தும் பிளீச் திரவத்தில் இருப்பதும் அதேதான். கிருமியைக் கொல்வதோடு செத்த திசுவையும் கரைக்கும் என்பதால் அதைப் பயன்படுத்துகிறார்கள். அரம் போன்ற மெல்லிய ஃபைல்களால் தேய்ப்பதைவிட இந்தக் கழுவலுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொண்டேன், ஃபைல் தொடாத மூலைகளைத் திரவம்தான் தொடும்.

விமான டிக்கெட் தேதியைச் சொன்னதும் ஒரே தவணையில் முடிக்கலாமா என்ற பேச்சு வந்தது. ஒரு தவணையோ இரண்டோ, குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. இருந்தாலும் என் பல்லின் கால்வாயில் ஈரம் வற்றவில்லை என்று சொல்லி கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை உள்ளே வைத்து மூடி அனுப்பினார். அடுத்த தவணையில் கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை நிரப்பி, எக்ஸ்ரேயில் அது நுனிவரை சரியாகப் போயிருக்கிறதா என்று பார்த்தார். அதற்கும் அடுத்தது கேப். விடுமுறைக்காரர்கள் கோட்டை விடுவது இந்தக் கட்டத்தில்தான். வேர் சிகிச்சை முடிந்தது, கேப்பை அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று தற்காலிக ஃபில்லிங்கோடு விமானம் ஏறிவிடுகிறார்கள். தற்காலிக ஃபில்லிங் சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அது கசிந்தால் கிருமி மறுபடியும் உள்ளே. உள்வேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் மேல்மூடி சரியில்லை என்றால் எல்லாம் வீண். ஊரில் இறங்கிய முதல் வாரத்திலேயே பல்லைக் காட்டுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

விமானத்தைப் பற்றி இன்னொன்று. பல்லுக்குள் அழற்சியோ காற்று சிக்கிய இடமோ இருந்தால், உயரே போகும்போது காற்றழுத்தம் மாறிக் கடும் வலி வரலாம். இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகளிடம் கவனிக்கப்பட்டுப் பெயர் பெற்ற வலி இது. பாதியில் விட்ட பல்லோடு நீண்ட பயணம் போவதற்கு முன்பு மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

என்னோடு அத்தானும் வந்திருந்தார், அவருக்கும் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. கிளம்பும்போதே அக்கா வாசலில் நிறுத்திச் சொல்லி அனுப்பினாள்: "தம்பி, அத்தானுக்கு வால்வு மாத்தியிருக்குன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லு. அவரா வாயைத் திறக்க மாட்டாரு." சொல்ல வேண்டிய தேவை வரவில்லை, அங்கே நிரப்பக் கொடுத்த படிவத்திலேயே அந்தக் கேள்வி இருந்தது. பல்லைப் பிடுங்கும்போதும் ஈறில் வேலை செய்யும்போதும் வாய்க் கிருமிகள் கொஞ்ச நேரம் ரத்தத்தில் கலக்கும். பல் துலக்கும்போதுகூடக் கலக்கத்தான் செய்கிறது, பெரும்பாலோரின் உடம்பு சில நிமிடங்களில் அதைத் துடைத்துவிடும். செயற்கை வால்வில் ஒட்டிக்கொண்டால் இதய உள்ளுறைத் தொற்று என்ற உயிர்க்கொல்லி நோய் வரலாம். முன்பு இதயத்தில் பலவகைக் கோளாறுகள் உள்ளவர்களுக்கும் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2007இல் அமெரிக்க இதய சங்கம் அதைச் சுருக்கி, செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பே அந்தத் தொற்று வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் குறைபாடு உள்ளவர்கள் போன்ற அபாயம் மிகுந்தவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. அத்தானுக்கு நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே மாத்திரை கொடுத்து, நேரம் பார்த்துக் காத்திருக்க வைத்தார்கள். அவருடைய இதய மருத்துவரிடமும் ஃபோனில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஆன்டிபயாடிக்கே வேண்டாம், அவருக்கு ஒரு வேளை கட்டாயம் வேண்டும். ஒரே காலையில் ஒரே அறையில் இரண்டையும் சரியாகச் செய்தார்கள்.

குறை சொல்ல வேண்டியது ஆவணங்களைப் பற்றி. எக்ஸ்ரே கேட்டால் திரையை ஃபோனில் படம் பிடித்து அனுப்புகிறார்கள். அது பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க உதவாது. வேர்நுனியில் எலும்பு மறுபடி வளர்வது மெதுவான வேலை. குறைந்தது ஓராண்டு கழித்து ஓர் எக்ஸ்ரே, முழுதாக ஆறவில்லை என்றால் நான்கு ஆண்டுகள் வரைகூடத் தொடர்ந்து பார்க்கச் சொல்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். சிகிச்சைக்கு முன்பும் பின்பும் எடுத்த மூலக் கோப்புகள் கையில் இருந்தால்தான் வேறு நாட்டு மருத்துவர் நிழல் சுருங்கியதா இல்லையா என்று சொல்ல முடியும். இரண்டு முறை கேட்ட பிறகு பென் டிரைவில் கொடுத்தார்கள், முப்பரிமாண ஸ்கேனையும் சேர்த்து.

திரும்பி வந்து சில மாதங்கள் கழித்து எடுத்தபோது சி.ஆர்.பி. 2.7. இடது மூக்கு அடைப்பதில்லை. மூக்குக்குப் பல்தான் காரணம் என்று தைரியமாகச் சொல்வேன். சி.ஆர்.பி.க்கு அப்படிச் சொல்ல மாட்டேன், இடைப்பட்ட காலத்தில் தினமும் நடந்து எடையும் கொஞ்சம் குறைந்திருந்தது.

ஒரு விஷயம் விட்டுப்போனது. காப்பீட்டுக்கு அனுப்புகிறவர்கள் பில்லில் இருக்கும் பல் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர் பில்லில் என் பல்லின் எண் 26. உலகின் பெரும்பாலான நாடுகள் பின்பற்றும் முறையில் அது மேல் இடது முதல் கடைவாய்ப் பல். அமெரிக்காவில் பற்களை 1 முதல் 32 வரை நேராக எண்ணுவதால் அதே 26 கீழ்த்தாடையின் வலது முன்பல் ஒன்றைக் குறிக்கும், என் கடைவாய்ப் பல்லுக்கு அங்கே எண் 14. முன்பல்லுக்கு எதற்கு நான்கு கால்வாய் என்று கேட்டு என் விண்ணப்பம் திரும்பி வந்தது. பல்லின் பெயரை எழுத்திலேயே எழுதி, மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி மறுபடி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.